எண்ணும்போது துண்டு வீசக் கூடாது

தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் மாவட்டக் குத்துச்சண்டைப் போட்டி நடந்தது. மணமேடைக்கு முன்னால் ரிங் போட்டிருந்தார்கள். நீல மூலையில் என் மகள், பதினேழு வயது. கயிற்றுக்கு வெளியே அவளுடைய பயிற்சியாளரும், தண்ணீர் பாட்டிலோடு நானும். பயிற்சியாளரின் தோளில் ஒரு வெள்ளைத் துண்டு கிடந்தது. அதை உள்ளே வீசினால் ஆட்டம் முடிந்தது, தோல்வி எங்களுக்கு.

பத்திரிகையில் விளையாட்டுச் செய்தி எழுதுபவன் நான். ‘நடுவர் எட்டு வரை எண்ணினார்’ என்று எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். எழுத அரை வரிகூட ஆகாது.

இரண்டாம் சுற்றில், எதிராக ஆடிய சின்னமனூர்ப் பெண்ணின் வலது கை மகளின் தாடையில் பட்டது. பெரிய சத்தம் இல்லை. உட்காருவதுபோல் விழுந்தாள். மூன்று என்பதற்குள் எழுந்துவிட்டாள். எழுந்தாலும் நடுவர் எட்டு வரை எண்ணியாக வேண்டும். அவர் எண்ணும்போது யாரும் துண்டு வீசக் கூடாது. இரண்டுமே விதி. அதுவரை செய்வதற்கு எனக்கு ஒன்றும் இல்லை. அவள் கால்களைப் பார்த்தேன்.

என் மகள் இடதுகைக்காரி. வலது காலை முன்னால் வைத்துத்தான் நிற்பாள். இப்போது இடது கால் முன்னால் இருந்தது. அவள் ஒருபோதும் அப்படி நின்றதில்லை.

எட்டு. நடுவர் அவள் கண்ணைப் பார்த்து ஏதோ கேட்டார். தலையாட்டிக் கைகளை உயர்த்தினாள். ஆடச் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவள் எப்படி நிற்பாள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

“கால மாத்தி நிக்கிறா” என்றேன்.

“நடுவரே விட்டுட்டாரு. பொறுங்க சார், நம்ம பிள்ளதான் பாயிண்டுல முன்னால இருக்கு” என்றார் பயிற்சியாளர், திரும்பாமல்.

அவர் தோளிலிருந்து துண்டை உருவி வீசினேன். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நடுவர் சின்னமனூர்ப் பெண்ணின் கையை உயர்த்தினார்.

பயிற்சியாளர் என்னிடம் ஏதோ கடுமையாகச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மகள் கயிறுகளுக்கு நடுவே குனிந்து வெளியே வந்தாள். தலைக்கவசத்தைக் கழற்றினேன். முகம் வியர்த்திருந்தது, காயம் இல்லை.

“மொத ரவுண்டுலயே ஏம்ப்பா துண்டப் போட்டீக?”

பயிற்சியாளர் என்னைப் பார்த்தார். பிறகு ஆட்டோ பிடிக்க வாசலுக்கு ஓடினார்.

அது இரண்டாவது சுற்று என்று அவளிடம் சொன்னேன். சரி என்றாள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் அதே குரலில் அதையே இன்னும் இரண்டு முறை கேட்டாள்.