நாலாம் நம்பரில் நடந்தவள்

இசக்கிசெல்வி நடக்கும்போது இடது கால் கொஞ்சம் தாமதமாக வரும். சிறு வயதில் கிணற்றுப் படியில் விழுந்தது. ஸ்ரீபெரும்புதூரில் நான் நடத்திவந்த பிரௌசிங் சென்டர் மாடியில் இருந்தது. அவள் படியேறும் ஓசையைத் திரும்பிப் பார்க்காமலே அறிவேன்.

சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்து, 2002இல் இங்கே ஒரு மானிட்டர் கம்பெனியில் சேர்ந்தாள். லைனில் வரும் திரைகளைப் பார்த்து, நிறம் பிசகியதை ஒதுக்கும் வேலை. பிள்ளைப்பாக்கத்தில் மற்ற பெண்களோடு ஓர் அறை. விடுமுறை நாட்களில் அவர்கள் துணி துவைத்துக்கொண்டிருக்க, இவள் என்னிடம் வந்து நாலாம் நம்பர் கணினியில் உட்கார்ந்துவிடுவாள். அது ஜன்னல் ஓரம் இருந்தது.

ஒரு விளையாட்டு செய்ய வேண்டும், அது பிரௌசருக்குள்ளேயே ஓட வேண்டும் என்பது அவள் ஆசை.

"சிடில போட்டுக் குடுத்தா யாரு இன்ஸ்டால் பண்ணுவா அக்கா? பக்கத்தைத் தொறந்தா வெளையாடணும். எங்கூருல இருந்தும் தொறக்கணும்."

முதலில் ஜாவாவில் எழுதினாள். கட்டம் வெகுநேரம் சாம்பல் நிறத்தில் நிற்கும். பிறகு உருவம் விக்கி விக்கி நகரும். "ஆமை கணக்கா நவுருதுக்கா" என்று சிரித்தாள். அடுத்து சி பிளஸ் பிளஸில் எழுதி, கம்பைல் செய்து, பிரௌசரோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு துண்டாக ஆக்கினாள். பக்கத்தைத் திறந்தால் இதை நம்புகிறீர்களா என்று கேட்டு ஒரு பெட்டி வரும். ஆம் என்றால், அந்தச் சின்னக் கட்டத்துக்குள் கணினியின் முழு வேகமும் இறங்கிவிடும்.

அந்த வேகத்தில் உருவம் கண்ணுக்கே தெரியாமல் ஓடியது. அதை அடக்க, ஒவ்வொரு அடிக்கும் நடுவே கணினியைச் சும்மா எண்ண வைத்தாள். எதுவரை எண்ணுவது என்பதை நாலாம் நம்பரின் முன்னால் உட்கார்ந்து, கண்ணால் பார்த்துப் பார்த்தே முடிவுசெய்தாள். கடிகாரத்தைக் கேட்டு நட என்று எழுதியிருக்கலாம். ஒரே கணினியைத் தெரிந்தவளுக்கு அது தோன்றவில்லை.

விளையாட்டு எளிது. ஷிப்ட் முடிந்த ஒரு பெண் வேனிலிருந்து கூட்டுரோட்டில் இறங்குகிறாள். அவளைப் பிள்ளைப்பாக்கம் அறைக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். பின்னால் தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே வரும். அம்புக்குறியை அழுத்திக்கொண்டே இருந்தால் நடப்பாள். நடுவில் ஒரு கம்பத்தில் மட்டும் முதலிலிருந்தே வெளிச்சம் இல்லை. உண்மையான சாலையிலும் அந்தக் கம்பம் அப்படித்தான்.

படப்பைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டும் பலராமன் இதற்காகவே வருவார்.

"இன்னாமே செல்வி, உன் பொம்மை கால இஸ்துகினு நடக்குது? சுளுக்கா?"

"அது நான்தாண்ணே."

"அப்ப நீயே நடந்து போய்க்கோ. நான் இன்னாத்துக்கு பட்டனை அமுக்கிகினு குந்திகினு கீறேன்?"

"நீங்க கூட வந்தா எனக்குப் பயமில்லல்லா?"

எல்லாரும் சிரித்தோம்.

2004 ஐப்பசியில், ஓவர்டைம் முடித்து வேனில் வந்து இறங்கியவள் அறைக்குப் போய்ச் சேரவில்லை. லாரி அடித்துவிட்டது என்றார்கள். லாரி கிடைக்கவில்லை. ஒரு செருப்பு அந்த அணைந்த கம்பத்தடியில் கிடந்தது. இன்னொன்று வெகுதூரம் முன்னால், பிள்ளைப்பாக்கம் பக்கமாக. லாரி இழுத்துப் போட்டிருக்கும் என்றார்கள். நானும் அப்படியே நினைத்தேன்.

தை மாதத்தில் ஒரு காலை அவள் அம்மா மாடத்தி சென்டருக்கு வந்தார். இழப்பீட்டுக்காகக் கம்பெனியில் அலைந்த வேலை முடிந்திருந்தது. ஊருக்குத் திரும்புமுன் ஒன்றே ஒன்று வேண்டும் என்றார்.

"ஏதோ செஞ்சிருக்கேன், அதுல நானே நடப்பேன்னு போன்ல சொல்லுவா. அவ நடக்கத ஒருக்க பாத்துக்கிடுதேன் தாயி."

அப்போதுதான் புதுக் கணினிகள் வந்து இறங்கியிருந்தன. பழையவற்றில் நாலாம் நம்பர் மட்டும் மூலையில் மிச்சம். பழைய சாமான் கடைக்காரன் மாலையில் வந்து எடுத்துப்போவதாக இருந்தான். நான் புதியதில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். பெட்டி கேட்டது. ஆம் என்றேன். அம்புக்குறியை அழுத்தினேன்.

புதுக் கணினி அவள் வைத்த எண்ணிக்கையை ஒரு நொடியில் விழுங்கிவிட்டது. வேனிலிருந்து இறங்கியவள் கால்கள் தரையில் படாமல் பறந்தாள். விளக்குகள் படபடவென்று அவள் பின்னால் அணைந்தன.

மாடத்தியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏ தாயி, ஏன் இப்படி ஓடுதா? எவன் வெரட்டுதான்?"

எனக்கு அந்த இரண்டு செருப்புகளும் நினைவுக்கு வந்தன.

மூலையிலிருந்த நாலாம் நம்பருக்கு மறுபடி வயர்களை மாட்டினேன். "இது வேற மெஷினும்மா. இதுல நடப்பா" என்றேன். அவரையே உட்காரவைத்து, அவர் விரலைப் பிடித்து அம்புக்குறியின் மேல் வைத்தேன்.

நடந்தாள். இடது கால் கொஞ்சம் தாமதமாக வந்தது. மாடத்தியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். "அதேதான்... அப்படியேதான்."

அணைந்த கம்பம் வந்தபோது இருட்டைப் பார்த்து அவர் விரலை எடுத்துவிட்டார்.

நாங்கள் யாரும் எடுத்ததில்லை. எடுத்தால் இருட்டு வந்து மூடும், ஆட்டம் முடியும் என்று நினைத்திருந்தோம். முடியவில்லை. அவள் நின்றாள். இருட்டும் நின்றது, ஒரு கம்பம் தள்ளி. கொஞ்ச நேரம் ஒன்றும் நகரவில்லை. பிறகு அவள் மெல்லத் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள்.

இதை அவள் வரைந்து வைத்திருக்கிறாள். அந்த இடத்தில் இப்படி நின்று, இப்படித் திரும்பி, எத்தனை முறை பார்த்திருந்தால் இதை வரையத் தோன்றியிருக்கும்? எங்களிடம் சொன்னதில்லை.

"நடக்கச் சொல்லு தாயி, நடக்கச் சொல்லு!"

"நீங்க அழுத்துங்கம்மா. விடாதீங்க."

அழுத்தினார். அறையின் கதவு வந்தது, விளக்கு எரிந்தது, அவள் உள்ளே போனாள். உடனே மறுபடியும் கூட்டுரோடு, வேன், இறங்கும் கால். மாடத்தியம்மா விரலை எடுக்கவில்லை. மறுபடி கொண்டுசேர்த்தார். மறுபடியும். நான் காபி வாங்கிவந்து வைத்தேன், ஆறிப்போயிற்று. பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்றேன். "விட்டா நின்னுருவாளே" என்றார்.

கரண்ட் போனது. புதுக் கணினிகள் யூபிஎஸ் பேட்டரியில் கீச்சிட்டபடி ஓடின. மூலையிலிருந்த நாலாம் நம்பருக்கு அந்த இணைப்பு கொடுத்திருக்கவில்லை. திரை கறுத்தது. அதில் அவர் முகம் மட்டும் தெரிந்தது.

"சேந்துட்டாளா தாயி? வழியிலயே நிக்காளா?"

நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அந்த அணைந்த கம்பத்தை அவள் இன்னும் தாண்டியிருக்கவில்லை.

"சேந்துட்டாம்மா" என்றேன்.

அவர் கறுத்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் அம்புக்குறியின் மேலேயே இருந்தது.