ராசாத்தி என்றொரு பாக்கெட்

மதுக்கரையில் சிமென்ட் ஆலைக்குப் போகும் சாலையில் அன்புச்செல்வியின் சந்தகைக் கூடம் இருக்கிறது. இடியாப்பம்போல நூல்நூலாகப் பிழிந்து, நிழலில் உலர்த்தி, பாக்கெட் போட்டுக் கோயம்புத்தூர்க் கடைகளுக்கு அனுப்புகிறாள். தும்பை அரிசிச் சந்தகை, தும்பை ராகிச் சந்தகை, தும்பை கம்புச் சந்தகை. நாலாவது தினை. அதற்கு மட்டும் ராசாத்தி என்று பேர். அது கணவரின் தங்கை மாரியாத்தாளின் கைப்பக்குவம். பேரும் அவள் வைத்ததுதான். கூடம் தொடங்கியபோது, பிழியும் மிஷின் வாங்குவதற்காக அவள் விற்ற எருமையின் பேர் அது.

வெளியூர்க்காரர் ஒருவர் தும்பை என்றே சேமியா போடுகிறார் என்று கடைக்காரர் சொன்னதும், காந்திபுரத்தில் டிரேட்மார்க் ஏஜென்டாக இருக்கும் சாய்ப்ரியாவைப் போய்ப் பார்த்தாள் அன்புச்செல்வி.

சாய்ப்ரியா பாக்கெட்டுகளை மேஜைமேல் பரப்பினாள். “இந்த மூணுக்கும் பேரு ஒண்ணுதானுங்க. அரிசி, ராகி, கம்புன்னு சரக்கு மட்டுந்தான் மாறுது. சீரிஸ்னு ஒரே விண்ணப்பத்துல சேர்த்துப் போட்டறலாங்க. ராசாத்தி இதுல சேராதுங்க. தும்பை தினைன்னு மாத்திட்டீங்கன்னா நாலும் ஒண்ணாப் போயிரும்.”

அன்புச்செல்விக்கு அது சரியாகவே பட்டது. சாயங்காலம், தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்த மாரியாத்தாளிடம் சொன்னாள்.

“செரிங்க நங்கையா,” என்றாள் மாரியாத்தாள். அண்ணன் மனைவியை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவள் மறுநாள் வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வராததால் அன்புச்செல்வி அவள் வீட்டுக்கே போனாள்.

“ஏன் அம்மணி, ஒடம்புக்கு முடியலையா?”

“ஒடம்பெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது.” மாரியாத்தாள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். “எருமை பேரு போனாப் போகுதுங்க. தும்பைன்னா ஊருல எல்லாருக்கும் உங்களைத்தான் தெரியும். நானும் அங்கதான் இருக்கறேன்னு சொல்றதுக்கு எனக்கு அந்த ஒரு பாக்கெட்டுத்தானுங்க இருந்துச்சு.”

அன்புச்செல்வி மோரைக் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தாள். உரிமையாளர் பேர் என்ன என்று சாய்ப்ரியா கேட்டபோது யோசிக்காமல் தன் பேரைச் சொல்லிவிட்டு வந்தது இப்போதுதான் உறைத்தது. மிஷின் வந்த நாளிலிருந்து விடிவதற்குள் வந்து மாவு வேகவைப்பவள் இவள். கூலி மாதிரி ஏதோ கொடுத்ததோடு சரி.

“நாளைக்கு எங்கூடக் காந்திபுரம் வா அம்மணி.”

“நானெதுக்குங்க?”

“கையெழுத்துப் போடோணும்.”

விஷயத்தைக் கேட்ட சாய்ப்ரியா, “ரெண்டு பேரும் கூட்டாளின்னா மொதல்ல பார்ட்னர்ஷிப் எழுதிப்போடோணுமுங்க. அப்புறந்தான் விண்ணப்பம். கொஞ்சம் தாமசமாகுங்க,” என்றாள்.

“ஆகட்டும் கண்ணு. தும்பை மூணையும் சேர்த்துப் போடு. ராசாத்திக்குத் தனியாப் போடு.”

“எதுக்குங்க நங்கையா வீண்செலவு?” என்று மாரியாத்தாள் இடையில் புகுந்தாள்.

“நீ சும்மா இரு.”

பார்ட்னர்ஷிப் பத்திரம் தயாரானதும் போய், அதை மாரியாத்தாள் முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் நிதானமாகப் படித்தாள். ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். அன்று மத்தியானம் இருவரும் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சாப்பிட்டுவிட்டு மதுக்கரை பஸ் ஏறினார்கள். வழியெல்லாம் காயப்போட்ட சந்தகை, மழை வருமா வராதா என்பதுதான் பேச்சு.

தும்பை என்ற பேரைப் போடக்கூடாது என்று நோட்டீஸ் போனதும் சேமியாக்காரர் பேரை மாற்றிக்கொண்டார். பதிவு கிடைக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. தும்பை முதலில் வந்தது. ராசாத்திக்கு டிரேட்மார்க் ஆபீசில் ஒரு விளக்கம் கேட்டு, அதற்குப் பதில் கொடுத்த பிறகு அதுவும் வந்தது.

இப்போது சோளச் சந்தகை போட ஆரம்பித்திருக்கிறார்கள். பதிவான சீரிஸில் பின்னால் ஒன்றைச் சேர்க்க முடியாது, புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று சாய்ப்ரியா சொல்லியிருக்கிறாள். எப்படியும் புதிது என்பதால், இதற்கும் தனியாக நல்ல பேராக ஒன்று வைக்கலாம் என்று அன்புச்செல்வி சொல்லிப் பார்த்தாள்.

“அதெல்லாம் வேண்டாமுங்க,” என்றாள் மாரியாத்தாள். “நம்ம தும்பையே இருக்கட்டும்.”