லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களின் பொறுமை

லிஃப்ட் கம்பெனியில் எல்லாரும் அவளை அவசரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். லிஃப்டில் மாட்டிக்கொண்ட எவர் போன் பண்ணினாலும் அது அவள் மேஜைக்குத்தான் வரும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை உள்ளே இருப்பவருக்குப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. கேட்பவர்களுக்கு, உட்கார்ந்து அரட்டை அடிக்கச் சம்பளமா என்று தோன்றும். செத்துவிடுவேன் என்று அலறுகிற ஆளிடம் பிள்ளைகளின் படிப்பை விசாரித்து, பெரியவன் கணக்கில் ஏன் மார்க் வாங்கவில்லை என்ற கவலைக்கு அவரை மாற்றிவிடத் தெரிந்தால்தான் இந்த நாற்காலியில் உட்கார முடியும். ஒருமுறை சண்டையும் கையுமாக மாட்டிக்கொண்ட ஒரு புருஷன் பெண்டாட்டிக்குப் பஞ்சாயத்துப் பண்ணினாள். பாதியில் மெக்கானிக் போய்க் கதவைத் திறந்துவிட்டார். "சமாதானம் ஆகப்போற நேரத்துல போய்க் கெடுத்துட்டீங்களே!" என்று அவருக்குத்தான் திட்டு விழுந்தது.

அப்படிப்பட்ட வாய் ஒருநாள் அடைத்துக்கொண்டது. போனை எடுத்தாள், பேச்சு வரவில்லை. மறுமுனையில் யாரோ ஹலோ ஹலோ என்று கத்த, இவள் கண்ணீர் வழிய உட்கார்ந்திருந்தாள். பிறகு பல மாதம் படுக்கைதான். தலை வாரக்கூடத் தோன்றவில்லை. ஆஸ்பத்திரி, மாத்திரை, மறுபடி ஆஸ்பத்திரி என்று அலைந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினாள். "வேலைக்குப் போங்க, முதல்ல அரை நாள் போதும். என்ன உதவி வேணும்னு ஆபீஸ்ல உங்களையே கேக்கச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

கேட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்த்தார்களாக்கும்! மேனேஜர் உடனே கூட்டம் போட்டார். அவளைப் பற்றிய கூட்டம் என்பதால் அவளை மட்டும் கூப்பிடவில்லை. மனநலத்தைப் பற்றி எங்கோ அரைப் பக்கம் படித்திருந்தார். மீதியை அவரே சொந்தமாக யோசித்துக்கொண்டார்.

அவள் திரும்பி வந்த அன்று மேஜையில் பூந்தொட்டி, நாற்காலியில் புது மெத்தை. மேனேஜர் அன்றுவரை யாரிடமும் காட்டாத குரலில் பேசினார். மற்றவர்களோ தளும்பத் தளும்பப் பால் ஏந்தி வருகிறவர்கள் மாதிரி அவளைக் கடந்து போனார்கள். "சாப்பிட்டீங்களாக்கா?" என்று ஆள் மாற்றி ஆள் கேட்டதில், பதில் சொல்லியே அவளுக்குப் பசி அடங்கிவிட்டது.

"ஒரு வாரம் பாப்போம் மேடம்" என்றார் மேனேஜர். "முடியலேன்னா சொல்லுங்க, கீழ ஸ்டோர் ரூமுக்கு மாத்திடலாம். அங்க ஒரு தொந்தரவும் கிடையாது, ஆளே வர மாட்டாங்க."

ஸ்டோர் ரூமா! நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்ததெல்லாம் போதாதென்று, இனி சம்பளம் வாங்கிக்கொண்டு வேறு பார்க்க வேண்டுமா? எப்படியாவது இந்த வாரத்தைத் தாண்டிவிட வேண்டும் என்று போன் முன்னால் உட்கார்ந்தாள்.

முதல் போன் வந்தது. "வணக்கம்மா. லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன். ஒண்ணும் அவசரமில்ல, உங்களுக்கு எப்ப சௌகரியமோ அப்ப ஆள் அனுப்புங்க."

இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு மகானை அவள் சந்தித்ததில்லை. "மூச்சு முட்டுதா சார்?"

"சேச்சே, நல்லாக் காத்து வருது."

அடுத்து ஒரு பெண். உள்ளே குளுகுளுவென்று இருக்கிறதாம், வெளியே வரவே மனசில்லையாம். எந்த மாடியில் நிற்கிறது என்று கேட்டால், "நீங்களே பாத்து ஒரு மாடி சொல்லுங்களேன்" என்றாள். மூன்றாவது ஆள் பேசத் தொடங்கும்போதே இருமினார். கணக்குப் பிரிவுக்காரரின் இருமலை ஆபீஸில் தெரியாதவர் உண்டா? அவள் எட்டிப் பார்த்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், மனுஷர் வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு மேஜைக்கடியில் குனிந்திருந்தார்.

"சார், லிஃப்டுக்குள்ள இருமல் ஜாஸ்தியா இருக்கே. வெளிய வந்து டீ குடிங்க, ஆறிடப் போகுது" என்று போனை வைத்தாள்.

வைத்த பிறகுதான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எழுந்திருக்க முடியாமல் கிடந்த நாட்களில்கூட இவ்வளவு அவமானமாக இருந்ததில்லை. குழந்தைக்குப் பொம்மை போன் கொடுத்து உட்கார வைப்பார்களே, அதைத்தான் அவளுக்குச் செய்திருந்தார்கள். நிஜ அழைப்புகளையெல்லாம் பக்கத்து அறைக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள்.

நேரே மேனேஜர் முன்னால் போய் நின்றாள். "எனக்கு நிஜ போனைக் குடுங்க."

"உங்க நல்லதுக்குத்தானே மேடம் இவ்வளவும்! கணக்குப் பிரிவுக்காரர் வீட்ல ஒத்திகை எல்லாம் பாத்துட்டு வந்தார். இதுக்கே இப்படிக் கண் கலங்கினா எப்படி? நாளைக்கே ஸ்டோர் ரூமுக்கு மாத்திடறேன்."

நடித்தது அவர்கள், கண்டுபிடித்த தப்பு மட்டும் இவளுடையது! அவள் பதில் சொல்வதற்குள் அவள் மேஜை போன் அலறியது. பக்கத்து அறையில் எல்லாரும் அடுத்த நாடகத்துக்கு ஆளுக்கொரு போனைப் பிடித்துக்கொண்டிருந்ததால், எடுக்க ஆளில்லாத நிஜ அழைப்பு ஒன்று வழி தவறி அவளிடமே வந்துவிட்டது. மேனேஜர் பாய்ந்தார். அவள் முந்திக்கொண்டாள். பதற்றத்தில் அவர் கை பட்டு ஸ்பீக்கர் உயிர் பெற்றது.

"எவ்வளவு நேரமா அடிக்கிறேன்! எல்லாரும் என்ன தூங்கறீங்களா? அறிவு கெட்டவங்களா!"

அவள் வாயைத் திறந்தாள். பேச்சு வருமா, அன்றைக்குப் போல அடைத்துக்கொள்ளுமா? ஆனாலும் அந்தத் திட்டு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது.

"சார், நீங்க நிஜமாவே மாட்டிக்கிட்டீங்களா?"

"பின்ன என்ன, விளையாடறேனா?"

"ரொம்ப சந்தோஷம் சார். எந்தக் கட்டடம்?"

சத்தம் கேட்டு வந்த தலைமை மெக்கானிக், கட்டடத்தின் பெயர் காதில் விழுந்ததுமே கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நடிகர்கள் எல்லாரும் வாசலில் வந்து நின்றார்கள். உள்ளே மாட்டியிருந்தவரின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

"லைட் போயிடுச்சும்மா. கதவு எங்க இருக்குன்னுகூடத் தெரியல. கொஞ்ச நேரம் இப்படியே இருந்தா எனக்குப் பைத்தியமே பிடிச்சிடும்."

அவள் எதிரில் சொல்லவே கூடாத வார்த்தை! கணக்குப் பிரிவுக்காரர் இருமலையும் விழுங்கிக்கொண்டார். மேனேஜர் முகம் வெளுத்து, போனைத் துண்டிக்கக் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"பிடிக்காது சார். அப்படியே பிடிச்சாலும் ஒண்ணும் முடிஞ்சு போயிடாது. எனக்குப் பிடிச்சுது. பல மாசம் எழுந்திருக்கவே முடியல. இப்ப எழுந்து வந்து உங்ககூடப் பேசிட்டுத்தானே இருக்கேன்."



"நிஜமாவா?" என்று கேட்டது ஸ்பீக்கர்.

"நிஜமாத்தான். முதுகைச் சாச்சு உக்காருங்க. எங்க ஆள் கிளம்பிட்டார்."

"அவர் வர்ற வரைக்கும் நீங்க லைன்லயே இருப்பீங்கல்ல? வேற யார்கிட்டயும் குடுத்துட மாட்டீங்களே?"

அவள் மேனேஜரைப் பார்த்தாள். அவர் மெல்லப் பின்னால் நகர்ந்துகொண்டார். அவள் நாற்காலியிலிருந்த புது மெத்தையை உருவி அவரிடமே கொடுத்துவிட்டு, நன்றாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மாட்டேன் சார். இது என் சீட்."