தீபாவளிக்கு மறுநாள் கண்ட ஒளித்திட்டு

"ஐப்பசி. தீபாவளிக்கு மறுநாள். மழை விட்ட வானம்; தெளிவு. காற்றில் ஈரம் அதிகம். மேற்கே தனுசில் மங்கலான ஒளித்திட்டு ஒன்று. நட்சத்திர வரைபடத்தில் இல்லை. உறுதி செய்யப்படவில்லை."

எங்கள் வான்நோக்கு கூடத்தின் இரவுக் குறிப்பில் நான் எழுதியது இது. கூடம் என்பது பெரிய சொல். பெருமாநல்லூர்ச் சாலையில் பனியன் துணி பின்னும் ஒரு நிட்டிங் கம்பெனியின் மொட்டை மாடி. தண்டவாளத்தில் தள்ளித் திறக்கும் தகரக் கூரை. அதன் கீழே சிமெண்டுத் தூணில் தொலைநோக்கி. கம்பெனியும் தொலைநோக்கியும் ஓர் அக்காவுக்குச் சொந்தம். கணவர் இறந்தபின் கம்பெனியைத் தனியாக நடத்துகிறவர். நான் காதர்பேட்டையில் ஏற்றுமதிப் பத்திரங்கள் தயாரிப்பவன். கூரையைத் திறப்பதும், கேமராவை இயக்குவதும், ஈரம் ஏறினால் மூடுவதும், எழுதி வைப்பதும் என் பொறுப்பு. படங்களில் புதிதாக ஏதாவது தெரிகிறதா என்று தேடுவது அவர் பங்கு.

கீழே மெஷின் ஓடினால் மேலே தூண் அதிரும். நட்சத்திரங்கள் கோடாக விழும். அதனால் தீபாவளி லீவுதான் எங்களுக்கு வேலைக்காலம். ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். அமாவாசையை ஒட்டி வானமும் இருட்டாக இருக்கும்.

அந்த வருடம் அக்காவுக்கு அவசரம் இருந்தது. சர்க்கரையால் இடது கண் ஏற்கெனவே மங்கிவிட்டது. வலது கண்ணில் லீவு முடிந்ததும் ஆபரேஷன். எவ்வளவு பார்வை மிஞ்சும் என்று டாக்டர் சொல்லவில்லை. இத்தனை வருடத் தேடலில் புதிதாக ஒன்றை, ஒன்றே ஒன்றை, தன் கண்ணால் கண்டு உலகத்துக்கு எழுதிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. அதை என்னிடம் ஒருமுறைதான் சொன்னார்.

ஒளித்திட்டைக் கண்டதும் அவர்தான். திரைக்கு மிக அருகே முகத்தை வைத்திருந்தார்.

"தம்பி, இங்க வாங்க. இது என்னன்னு பாருங்க."

பஞ்சுபோல ஒரு வெளிச்சம். அடுத்தடுத்த படங்களில் நட்சத்திரங்களுக்கு நடுவே சிறிது நகர்ந்திருந்தது. வால்மீன் தூரத்தில் இருக்கும்போது அப்படித்தான் தெரியும்.

லீவுக்கு ஊர் போக பஸ் கிடைக்காமல் தங்கிவிட்ட திருநெல்வேலி ஃபிட்டர் டீயோடு மேலே வந்தார். அவரும் எட்டிப் பார்த்தார்.

"எக்கா, இதுக்கா ராப்பூரா முழிச்சுக் கிடக்கிய? நம்ம மெஷினுக்கு அடியில தெனமும் இது மாதிரி கூட்டி அள்ளுதேன்."

"டீயை வெச்சுட்டுப் போப்பா. பஸ்ஸுல உன்ற சீட்டையே உன்னால கண்டுபுடிக்க முடியல," என்றார் அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

புது வால்மீன்களைப் பதிவு செய்யும் மையத்துக்கு அன்றிரவே எழுதி அனுப்பலாம் என்றார். முதலில் எழுதுகிறவரின் பெயர்தான் நிற்கும். இன்னொரு இரவு பார்த்துவிடலாம் என்றேன் நான்.

"இன்னொரு ராத்திரி உங்களுக்கு இருக்குதுங்க," என்றார். ஆனாலும் அன்று அனுப்பவில்லை.

மறுநாள் மேகம் மூடியது. அதற்கு மறுநாளும். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டது. மூடிய கூரைக்குக் கீழே உட்கார்ந்து பழைய படங்களையே திரும்பத் திரும்பப் பார்த்தோம்.

எங்கள் முறை இது. சாயங்காலம் வெளிச்சம் போகுமுன் வெறும் வானத்தைப் படம் எடுத்துக்கொள்வோம். கேமராக் கண்ணாடியில் தூசி இருந்தால் அதில் நிழலாக விழும். அந்த நிழலை வைத்து இரவுப் படங்களைக் கம்ப்யூட்டர் சரிசெய்யும். சாயங்காலம் இருந்த தூசி இரவில் இல்லாமல் போனால், இல்லாத நிழலையும் சரிசெய்து, அந்த இடத்தில் ஒரு போலி வெளிச்சத்தை உண்டாக்கிவிடும்.

மழை கொட்டிக்கொண்டிருந்தபோது அக்கா மெதுவாகக் கேட்டார். "சாயங்காலப் படம் எடுத்ததுக்கப்புறம் கண்ணாடியைத் தொட்டமா?"

"நான் தொடலீங்க."

"நான் தொடச்சேன். பனியன் வேஸ்ட்டுத் துணியில. பனி புடிச்ச மாதிரி இருந்துச்சு."

சரிசெய்யாத மூலப் படங்களைத் திறந்தோம். ஒளித்திட்டு இல்லை. முதல் படத்தில் இல்லை, இரண்டாவதில் இல்லை. நகர்ந்ததற்கும் காரணம் இருந்தது: எங்கள் தொலைநோக்கி நட்சத்திரங்களைப் பின்தொடர்கையில் மெல்ல விலகும். திட்டு கேமராவில் ஒரே இடத்தில் நின்றது, நட்சத்திரங்கள்தான் தள்ளிப்போயின. சாயங்காலம் ஒட்டியிருந்த ஒரு பஞ்சு இழை. துடைத்ததில் அது போய்விட்டது.

"ஒரு சட்டையில இத்தனூண்டு பஞ்சு இருந்தா லாட்டையே ரிஜெக்ட் பண்ணியிருக்கறேன்," என்றார் அக்கா.

நான் குறிப்பில் அந்த வரியை அடித்துவிடப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். "மீதிப் படத்தையும் பாத்துப்போடலாம். பாதியில உடக்கூடாது."

கடைசி மூலப் படம் மேகம் ஏறத் தொடங்கியபோது எடுத்தது. அதில் ஏதோ இருந்தது. திட்டு நின்ற இடத்தில் அல்ல, சற்று மேலே. மிக மங்கல். நான் பார்த்தேன், மேகத்தின் ஓரம் என்று நினைத்தேன். அக்கா வலது கண்ணால் நெடுநேரம் பார்த்தார். எனக்கு அந்த நேரம் மிக நீளமாக இருந்தது.

"இதை அனுப்பலாமா?" என்று கேட்டேன். இந்த முறை கேட்டது நான்.

"ஒத்தப் படத்தை வெச்சு எப்படிங்க அனுப்பறது? இன்னொன்னு வேணுமல்ல."

இன்னொன்று கிடைக்கவில்லை. கார்த்திகை பாதிவரை மழை. வானம் திறந்தபோது தனுசு அந்தி வெளிச்சத்துக்குள் இறங்கிவிட்டது. அதற்குள் ஆபரேஷனும் முடிந்திருந்தது. வெளிச்சம் தெரிகிறது, ஆள் வருவது தெரிகிறது என்கிறார். திரை தெரிவதில்லை. இப்போது படங்களை நான் பார்த்துச் சொல்கிறேன். அவர் கேள்வி கேட்கிறார். கேமராவைத் துடைக்க வேறு துணி வாங்கியாயிற்று.

குறிப்பின் கீழே அவர் சொல்லச் சொல்லச் சேர்த்த வரி: "ஒளித்திட்டு பஞ்சினால் வந்தது. கடைசிப் படத்தில் உள்ளது வேறு." வேறு என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. வேறு யாராவது அன்று அந்த இடத்தைப் படம் எடுத்தார்களா என்று தெரிந்த வான்நோக்குக் குழுக்களில் எல்லாம் விசாரித்தேன். இதுவரை பதில் இல்லை. அது மேகமா, வால்மீனா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதி செய்யப்படவில்லை.