ராமையாவின் டீசல் வேனும் என் கண்ணும்

போன வாரம் என் மனைவி ஒரு சேதி சொன்னாள். கேகாலையில் இருக்கும் தங்கையைப் பார்க்க வெள்ளிக்கிழமை போகிறாளாம் — ராமையாவின் வேனில்.

"ஏன், நம்ம வேனுக்கு என்ன வந்துச்சு?" என்றேன்.

"நம்ம வேன்ல போனா எலும்பெல்லாம் எடம் மாறிப் போகுதுங்க. ராமையா வேன்ல ஆட்டமே இல்ல. தூங்கிக்கிட்டே போயிரலாம்."

ஊரார் அந்த வேனில் ஏறியபோது பொறுத்துக்கொண்டேன். கட்டிய மனைவியும் ஏறினால் என்ன செய்வது, சொல்லுங்கள்?

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் வேனைத் தெரியும். புளத்கொகுபிட்டிய கடைத்தெருவில் என் சாமான் கடை வாசலில் நிற்குமே, அந்தப் பழைய பெட்ரோல் வண்டி. சுற்றுத் தோட்டங்களில் யாருக்காவது கேகாலை ஆஸ்பத்திரிக்கோ அரசாங்கக் கச்சேரிக்கோ போக வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். வருவார்கள் என்றா எழுதினேன்? வந்தார்கள்... ராமையா அந்த டீசல் வேனைக் கொண்டுவந்து இறக்கும் வரை.

ராமையா மேல் தோட்டத்துக் கங்காணியின் மகன். நல்ல பையன். அதுவும் எனக்கு எரிச்சல்தான். கெட்டவனாக இருந்தால் மனசாரத் திட்டலாம் அல்லவா? கொழும்பில் சில லொறிகளுக்கு டீசல் எஞ்சின் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தோம். நம் பக்கத்து ரோட்டில் இதுதான் முதல். காலையில் நான் வண்டிக்கு முன்னால் குனிந்து நின்று, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி மூச்சு வாங்குவேன். எதிர்ப்பக்கத்தில் அவன் சீட்டில் உட்கார்ந்தபடி ஒரு பித்தானை அழுத்துவான். வண்டி கிளம்பிவிடும். என் ஹோன், ரப்பர் பந்தை அமுக்கினால் தாரா மாதிரி கத்தும். அவனுடையது மின்சார ஹோன். மலை முழுக்கக் கேட்கும்.

இதில் இன்னொன்று. என் வண்டியில் மின்சாரம் போனால் எஞ்சினும் படுத்துவிடும். டீசலுக்குத் தீப்பொறியே தேவையில்லையாம். ஓட ஆரம்பித்துவிட்டால், மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது பாட்டுக்கு ஓடுகிறது. இதைக் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்படிப்பட்ட வேனில் கோளாறு என்றால் என் நிலைமை எப்படி இருந்திருக்கும்? பாயசம் குடித்த மாதிரி இருந்தது. மறைப்பானேன்?

கோளாறு இதுதான். ரோட்டில் போகும்போது திடீரென்று ஹோன் சத்தம் போடாது. விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அதுவும் மங்கி அணையும். கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி இரண்டும் திரும்பி வந்துவிடும். ராமையா கேகாலைக்குப் போய், கராஜில் வண்டி பழுதுபார்க்கும் பாஸிடம் காட்டினான். பாஸ் வயர்களை எல்லாம் இழுத்துப் பார்த்து, பெட்டரியைத் தட்டிப் பார்த்து, "மொகுத் நே" என்றுவிட்டார். ஒன்றுமே இல்லையாம். திரும்பி வந்த மறுநாளே ஹோன் ஊமை. மறுபடி கராஜ். மறுபடி மொகுத் நே.

ஊர் சும்மா இருக்குமா? கண் பட்டுவிட்டது என்று தமிழில் சொன்னார்கள். எஸ்வஹ என்று சிங்களத்திலும் சொன்னார்கள். யார் கண் என்று எந்த மொழியிலும் சொல்லவில்லை. என் கடைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான்.

அவர்கள் நினைத்ததில் பாதி சரி. நான் அந்த வேனைப் பார்த்தபடிதான் இருந்தேன். பார்க்க முடியாதபோது கேட்டேன். என் கடைக்கு எதிரே ரோடு ரப்பர் மரங்களுக்குள் நுழைந்து வளைந்து வளைந்து ஏறுகிறது. ஒவ்வொரு வளைவிலும் ஹோன் அடிக்காமல் போனால் எதிரே வரும் லொறிக்காரனுக்குத் தெரியாது. ராமையாவின் வேன் ஏறும்போதெல்லாம் நான் சீனி நிறுப்பதைப் பாதியில் விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வேன். ஹோன் கேட்டால் வருத்தம். கேட்காவிட்டால் சந்தோஷம். இப்படியே கேட்டுக் கேட்டு எனக்கு ஒன்று புரிந்தது. வலப்பக்கம் திரும்பும் வளைவுகளில் ஹோன் எப்போதும் அடிக்கிறது. இடப்பக்கம் திரும்பும் வளைவுகளில்தான் அடைத்துப்போகிறது.

இது ராமையாவுக்குத் தெரியாது. பாஸுக்கும் தெரியாது. வண்டி வைத்திருப்பவன் அதை ஓட்டுகிறான், துடைக்கிறான், போகிறான். அதைப் பார்த்து வயிறு எரிகிறவன்தான் கண்ணும் காதுமாய் அதோடு குடித்தனம் நடத்துகிறான். ஒருவருடைய குறைகளைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டுமா? சிநேகிதனை விடுங்கள். பொறாமைக்காரனைக் கேளுங்கள்.

கண்டுபிடித்தேன். சொன்னேனா? இல்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? அவன் வண்டி, அவன் கோளாறு.

அந்த நேரத்தில்தான் மனைவி வெள்ளிக்கிழமைப் பயணத்தைச் சொன்னாள். அந்த இடப்பக்க வளைவுகளில் எதிரே வருவதை மலை மொத்தமாக மறைத்துவிடும். தோட்டத்து லொறிகள் தேயிலைக் கொழுந்து மூட்டையோடு பாய்ந்து இறங்கும் இடம். ஊமை ஹோனோடு ராமையா திரும்ப, உள்ளே ஆட்டமே இல்லாமல் இவள் தூங்கிக்கொண்டு... அதற்கு மேல் நினைக்க முடியவில்லை. போகாதே என்றால் பொறாமையில் சொல்கிறேன் என்பாள். அது உண்மையும்கூட.

வியாழக்கிழமை காலை ராமையாவிடம் போனேன்.

"தம்பி, கராஜுக்குப் போறதுக்கு முந்தி வண்டியில எதையாச்சும் கழட்டுறியா?"

அவன் முகம் மாறியது. "ஒண்ணும் இல்லண்ணே..."

"ரோட்டுல கெட்டுப்போறது கராஜ்ல நல்லாகுதுன்னா, ரெண்டுக்கும் நடுவுல என்னமோ மாறுதுல்ல?"

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான். "ஒரு கட்டு இருக்குண்ணே. எலுமிச்சம்பழம், மொளகா, கரி எல்லாம் கம்பியில கோத்து அம்மா தந்துச்சு. வெளியில தொங்கவிட்டா தோட்டத்துத் துரை ஏசுவாருன்னு பொனட்டுக்கு உள்ள கட்டியிருக்கேன். வேற ஆள் கை பட்டா பலிக்காதாம். அதான் பாஸ்கிட்ட போறப்ப கழட்டி வச்சிக்குவேன்."

கட்டு எதற்கு என்று நான் கேட்கவில்லை. யாருக்காக என்றும் கேட்கவில்லை. கேட்டால் அவன் பாவம், பொய் சொல்ல வேண்டியிருக்கும்.

இருவரும் வேனில் ஏறினோம். முதல் இடப்பக்க வளைவிலேயே ஹோன் செத்தது. இடப்பக்கச் சக்கரங்களை ஓரத்து மண்மேட்டில் ஏற்றி, வளைவில் சாய்கிற மாதிரியே வண்டி வலப்பக்கம் சாய்ந்தபடி நிற்கட்டும் என்றேன். நிறுத்தினான். பித்தானை அழுத்தினான். சத்தம் இல்லை.

"இப்ப பொனட்டைத் தெற. கட்டைக் கழட்டாத. அப்படியே இருக்கட்டும்."

இறங்கிப் போய் பொனட்டில் கை வைத்தவன் அப்படியே நின்றான். என்னைப் பார்த்தான், பொனட்டைப் பார்த்தான்.

"என்னப்பா?"

"கோவிச்சுக்காதீங்கண்ணே. நீங்க அதப் பாத்துட்டா..."

என் கண்ணைத் தடுக்கக் கட்டியதை என் கண்ணிடமே காட்டச் சொன்னால் எப்படிக் காட்டுவான்? எனக்குக் கோபம் வந்தது. வந்து என்ன செய்ய? மறுநாள் வெள்ளிக்கிழமை.

நடு ரோட்டில் திரும்பி நின்று இரண்டு கண்களையும் மூடிக்கொண்டேன். "நீயே பாத்துச் சொல்லு. கம்பி எதையாச்சும் தொடுதா?"

பொனட் திறக்கும் சத்தம் கேட்டது.

"தொடுதுண்ணே. வயர் வந்து முடியிற பித்தளை ஆணியில சாஞ்சிருக்கு."

"அந்த எடத்துல கருகியிருக்கா?"

"கருகியிருக்கு."

வேறென்ன வேண்டும்? வண்டி இடப்பக்கம் திரும்பும்போது கட்டு வலப்பக்கம் ஊஞ்சலாடி ஆணியில் விழுகிறது. விளக்குக்கும் ஹோனுக்கும் போக வேண்டிய மின்சாரம் கம்பி வழியாக வண்டியின் இரும்பிலேயே இறங்கிவிடுகிறது. வண்டி நிமிர்ந்ததும் கட்டு நகர்ந்துவிடும், எல்லாம் சரியாகிவிடும். கராஜில் கட்டே கிடையாது என்றால் பாஸ் எதைக் கண்டுபிடிப்பார்?

"கயித்துல கோத்து வண்டிக்குப் பின்னால, அடியில கட்டு. துரைக்கும் தெரியாது," என்றேன், கண்ணைத் திறக்காமலே.

வெள்ளிக்கிழமை மனைவி போனாள். எல்லா வளைவிலும் ஹோன் கேட்டது. நான் சீனி நிறுப்பதை விட்டுவிட்டுக் கடைசி வளைவு வரை கேட்டேன். மனசு ஆறியது. ஆறிய கையோடு மறுபடி எரிய ஆரம்பித்தது. திரும்பி வந்தவள், "ராமையா தம்பி என்ன பதனமா ஓட்டுது தெரியுமா?" என்று சாப்பாடு போடும்போதும் சொன்னாள், சாப்பிட்டு முடித்த பிறகும் சொன்னாள்.

ஊரில் இப்போது வேறு பேச்சு. கட்டைப் பின்னால் மாற்றியதும் என் கண் விலகிவிட்டதாம். ராமையா நடந்ததைத்தான் சொல்லியிருக்கிறான். அவர்கள் தங்களுக்குப் பிடித்த மாதிரி எடுத்துக்கொண்டார்கள்.

எனவே காலையில் அந்த வேனின் முன்பக்கம் எந்தக் காவலும் இல்லாமல் என் கடையைப் பார்த்து நிற்கிறது. நானும் கைப்பிடியைப் பிடித்தபடி, இருக்கிற வயிற்றெரிச்சல் அத்தனையையும் சேர்த்து அதை முறைத்துப் பார்க்கிறேன். அவன் பித்தானை அழுத்துகிறான். முதல் அழுத்தலிலேயே கிளம்பிவிடுகிறது.

இந்த லட்சணத்தில் இருக்கிற கண்ணுக்கா எலுமிச்சம்பழம், மிளகாய், கரி எல்லாம்?