தனியாகப் போக விடாதவர்கள்

பார்வையில்லாதவர்களுக்கு நடக்கச் சொல்லித்தருவதுதான் என் வேலை என்றால், "ஏங்க, அவங்களுக்குக் கால் நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்பார்கள். திருவண்ணாமலையில் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதவர்கள் கம்மி. ஆரம்பத்தில் பொறுமையாக விளக்குவேன். வெள்ளைக் கோலை எப்படிப் பிடிப்பது, வண்டிச் சத்தத்தை வைத்து ரோட்டை எப்படிப் புரிந்துகொள்வது, வழி தப்பினால் யாரிடம் என்ன கேட்பது, எல்லாம் சொல்வேன். இப்போது "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பிவிடுகிறேன்.

கால் நன்றாகத்தான் இருக்கிறது. கூட இருப்பவர்கள்தான் பிரச்சினை.

நான் சொல்லப்போகும் பெண் கீழ்பென்னாத்தூர்க்காரி. பிறவியிலேயே பார்வை இல்லை. டிகிரி முடித்து, கம்ப்யூட்டரும் கற்றுக்கொண்டு, திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஒரு தனியார் ஆபீசில் போனில் பேசும் வேலை வாங்கியிருந்தாள். வேலையில் சேர்வதற்குள் பஸ்ஸில் தனியாகப் போய்வரப் பழக வேண்டும் என்று அவளே என்னைக் கூப்பிட்டாள். அவள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்ததும் முதலில் பேசியது அவள் அண்ணன். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை மூட்டை ஏற்றும் லோடு வேன் வைத்திருக்கிறார்.

"எதுக்கு மேடம் இதெல்லாம்? நான்தான் இருக்கேனே. பைக்ல கொண்டாந்து விட்டுட்டு, சாயங்காலம் கூட்டிக்கினு வந்துடறேன்."

"உனக்கு லோடு இருக்கற அன்னைக்கு நான் லீவு போடணுமா?" என்றாள் அவள்.

அவர் வேன் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். சம்மதித்துவிட்டார் என்று நினைத்தேன்.

மறுநாள் தெருவில் பயிற்சி ஆரம்பித்தோம். அவள் கோலை இடமும் வலமும் தட்டிக்கொண்டு முன்னால் போக, நான் ஓரமாகப் பின்தொடர, எனக்கும் பின்னாலிருந்து ஒரு குரல். "ரைட்டு... ரைட்டு... லெஃப்ட் ஒடி... பள்ளம் பள்ளம் பள்ளம்!" அண்ணன்தான். வேனை ரிவர்ஸ் எடுப்பவருக்குச் சொல்வார்களே, அதே குரல்.

"அண்ணா, பள்ளம் இருக்கறதை அவங்க ஸ்டிக்தான் சொல்லணும். நீங்க சொல்லக்கூடாது."

"ஸ்டிக் சொல்றதுக்குள்ள விழுந்துட்டா?"

"விழுந்தா எழுந்துப்பாங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வை, கொலைகாரியைப் பார்ப்பதைப் போல இருந்தது. அதற்குப் பிறகு பேசுவதை நிறுத்திக்கொண்டு இரும ஆரம்பித்தார். பள்ளம் வந்தால் ஒரு இருமல், மாடு நின்றால் இரண்டு. அவள் நின்று திரும்பி, "அண்ணா, டாக்டராண்ட போ" என்றாள்.

இப்படிப்பட்டவர்களுக்காக எங்கள் பயிற்சியில் ஒரு வழி வைத்திருக்கிறோம். வீட்டில் இருப்பவர் கண்ணைக் கட்டி, கையில் கோலைக் கொடுத்து, தெருமுனைவரை நடக்கவிடுவது. கோல் எவ்வளவு சொல்கிறது என்று அவர்களுக்கே புரிந்துவிடும். அவருக்கும் கட்டினேன். நேராகப் போய் நிறுத்தியிருந்த டிராக்டரில் முட்டிக்கொண்டார். அங்கிருந்து திரும்பத் தெரியாமல் டிராக்டரையே சுற்றிவந்தார். துணியை அவிழ்த்தபோது கண் கலங்கியிருந்தது. சரி, புரிந்துவிட்டது என்று நிம்மதியானேன்.

"மேடம், இவ்ளோ கஷ்டம்னு எனக்குத் தெரியாமப் போச்சு. இனிமே இவளை வாசலைத் தாண்ட விடமாட்டேன்" என்றார்.

எத்தனையோ பேருக்குக் கண்ணைக் கட்டியிருக்கிறேன். இப்படித் தலைகீழாகப் புரிந்துகொண்டவர் இவர் ஒருவர்தான்.

ஒரு வழியாகச் சண்டை போட்டு அவளை டவுனுக்குக் கொண்டுவந்தேன். அங்கே ஊர் முழுக்க அண்ணன்கள். ரோட்டோரம் நின்று வண்டிச் சத்தத்தைக் கேட்டுப் பழகிக்கொண்டிருந்தாள். ஒருவர் வந்தார், ஒரு வார்த்தை கேட்கவில்லை, கையைப் பிடித்துத் தரதரவென்று அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு, புண்ணியம் சேர்ந்த முகத்தோடு போய்விட்டார். நான் ஓடிப்போய்த் திரும்ப அழைத்துவருவதற்குள், அந்தப் பக்கத்திலிருந்து இன்னொருவர் அவளை இந்தப் பக்கம் கொண்டுவந்து சேர்த்திருந்தார். இப்போது நான்தான் அந்தப் பக்கம் நின்றேன். கோயில் பக்கம் போனால் அன்னதானப் பொட்டலத்தைக் கையில் திணித்தார்கள். "வேணாங்க, சாப்ட்டேன்" என்றால், "கூச்சப்படாதம்மா" என்று இன்னொன்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அன்று நான் கொண்டுபோன தயிர்சாதத்தை எங்கள் வீட்டில் இரண்டு வேளைக்குச் சாப்பிட்டோம்.

ஆனாலும் அவள் கெட்டிக்காரி. பஸ் ஸ்டாண்டின் மூலைமுடுக்கெல்லாம் காதிலும் மூக்கிலும் ஏற்றிக்கொண்டாள். வேங்கிக்கால் பஸ் நிற்கும் இடம் அவளுக்கு ஜூஸ் கடை மிக்சி சத்தம். தனியாகப் போய்வருவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தோம். ஆபீஸ் லீவு என்பதால் அதன் வாசல்வரை போய்த் திரும்பினால் போதும். நான் எட்ட நின்று பார்த்துக்கொண்டு வருவேன், வாயைத் திறக்க மாட்டேன் என்று ஒப்பந்தம். அண்ணன் ஊரிலேயே இருப்பதாகச் சத்தியம் செய்தார்.

அன்று கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறியதுமே கண்டக்டர் கத்தினார். "வாம்மா, உங்க அண்ணன் எல்லாம் சொல்லிட்டாரு. ஏய், எழுந்து எடம் குடுப்பா!" அவள் முகம் சுருங்கியது. திருவண்ணாமலையில் இறங்கினால் பூக்காரம்மா, "இப்டிக்கா வாம்மா, நேரா வா." ஜூஸ் கடைக்காரர், "நேரா இல்ல, லெஃப்டு லெஃப்டு." எங்கிருந்தோ ஒரு ஆட்டோக்காரர், "அவங்க சொல்றதைக் கேக்காத, அங்கியே நில்லு!" அண்ணன் முந்தின நாளே வந்து பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். இத்தனை குரலில் மிக்சி சத்தம் எங்கே கேட்கும்? அவள் நடுவில் அப்படியே நின்றுவிட்டாள்.

அப்போதுதான் ஜூஸ் கடைக்குப் பின்னால் ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒரு ஆள் ஒளிந்து நிற்பதைப் பார்த்தேன். எனக்கு வந்த கோபத்தில் நேராக அவரிடம் போனேன்.

"சத்தியம் பண்ணீங்களே!"

"சும்மா இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன் மேடம்."

"ஜூஸ் கடை பின்னாடி என்ன வேலை?"

கொஞ்ச நேரம்தான் கத்தியிருப்பேன். திரும்பினால் அவள் இல்லை.

வேங்கிக்கால் பஸ் அப்படியே நின்றுகொண்டிருந்தது. உள்ளே ஏறிப் பார்த்தேன். இல்லை. பூக்காரம்மா இந்தப் பக்கம் என்றார், ஜூஸ் கடைக்காரர் அந்தப் பக்கம் என்றார். இவ்வளவு நேரம் வழிசொன்ன ஒருவருக்கும் அவள் போன வழி தெரியவில்லை. போன் ஸ்விட்ச் ஆஃப். அண்ணன் பைக்கில் நான் பின்னால் தொற்றிக்கொள்ள வேங்கிக்காலுக்குப் பறந்தோம். ஆபீஸ் வாசல் பூட்டிக்கிடந்தது. "ஒங்களை நம்பித்தானே மேடம் விட்டேன்" என்று அவர் வழியெல்லாம் புலம்ப, "நீங்க எங்க விட்டீங்க?" என்று நான் வழியெல்லாம் கத்தினேன். ரோட்டில் இருந்த ஒவ்வொரு பள்ளமும் அன்று என் கண்ணில் பட்டது.

மறுபடி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்தபோது என் போன் அடித்தது.

"மேடம், நான் செங்கம் ரோட்டுல காபி குடிச்சிக்கினு இருக்கேன். பயப்படாதீங்க."

ஆசிரமத்துப் பக்கம், வெளியூர்க்காரர்கள் உட்காரும் ஒரு காபிக் கடையில் இருந்தாள். மேஜையோரம் கோலை மடித்து வைத்துவிட்டுக் கால்மேல் கால் போட்டிருந்தாள். ஷேர் ஆட்டோவில் வந்தாளாம்.

"எதுக்கு இங்க வந்த?" என்று அண்ணன் கத்தினார்.

"இந்தப் பக்கம்தான் நீ யாராண்டயும் சொல்லி வெச்சிருக்க மாட்ட."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். நானும் விடவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?" என்று கேட்டேன்.

"சொன்னா நீங்க பின்னாடி வருவீங்க மேடம்."

பயிற்சியில் அப்படித்தான் வரவேண்டும், அது விதி என்று ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திக்கொண்டேன். ஒரு காபி சொன்னேன். இங்கேயாவது நிம்மதியாக உட்கார்ந்திருந்தாயா என்று கேட்டதற்கு அவள் சிரித்தாள். பக்கத்து மேஜையில் ஒரு பெரிய மனிதர், உலகம் வெறும் மாயை, அதைப் பார்க்காமல் இருக்க நீ கொடுத்துவைத்தவள் என்று ரொம்ப நேரம் உபதேசம் செய்தாராம். "எழுந்து பாத்ரூம் போறப்போ தெரியாத மாதிரி ஸ்டிக்கால அவர் கால்லயே ஒண்ணு போட்டேன். மாயைதானே, வலிச்சிருக்காது."

அண்ணன் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார். முடியவில்லை.

அன்று அவள் ஒரே ஒரு தண்டனைதான் கொடுத்தாள். யார் யாரிடம் சொல்லிவைத்தாரோ, அத்தனை பேரிடமும் அவரே போய், இனிமேல் அவளை வழிசொல்லிக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வர வேண்டும். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார். கண்டக்டரும் ஆட்டோக்காரரும் ஒப்புக்கொண்டார்கள். பூக்காரம்மா மட்டும், "உன் தங்கச்சியா இருந்தா என்ன, எம்மாம் நாளா பாக்கறேன், நான் கூப்பிடத்தான் கூப்பிடுவேன்" என்று சொல்லிவிட்டாராம்.

வேலையில் சேர்ந்துவிட்டாள். அண்ணன் இப்போது பின்னால் வருவதில்லை. பஸ் ஏறினதும் ஒரு போன், இறங்கினதும் ஒரு போன். அவள் எடுக்காவிட்டால் என்னைக் கூப்பிடுகிறார்.

போன வாரம் அவளே கூப்பிட்டாள். எடுத்ததும் திட்டு. "ஸ்டாப்புலேந்து ஆபீசுக்குப் போற வழியைப் பூராத் தோண்டிப் போட்டுட்டாங்க மேடம். பைப் போடறாங்களாம். ஒரு கயிறு கட்டக்கூடாதா? இவ்ளோ நாள் கத்துக்கினதெல்லாம் வேஸ்ட்டு."

"நாளைக்குக் காலையில வரேன். வேற வழி பாத்துக்கலாம்."

"வழி அப்பவே கண்டுபிடிச்சிட்டேன், ஆபீஸ்லதான் இருக்கேன். யாரையாச்சும் திட்டணும்போல இருந்திச்சு."

நன்றாகத் திட்டு என்று சொல்லி, ஸ்கூட்டியை ஓரங்கட்டி நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தேன்.