மோதினாரின் பசு

சுனாமி அடித்த மூன்றாம் நாள், ஆரையம்பதியில் நாங்கள் ஒதுங்கியிருந்த பள்ளிக்கூட முகாமுக்கு வாவிப் பக்கமிருந்து ஒரு பசு தானாக வந்தது. கன்றைக் காணோம். மடி கனத்துக் கிடந்தது. என் மனைவிக்கோ அந்த அதிர்ச்சியில் பால் வற்றிவிட்டது. எட்டு மாத மகள் நிவாரணப் பால்மாவைக் குடித்த வேகத்திலேயே கக்கினாள். கடவுள் அனுப்பிய பசு என்று நெற்றியில் திருநீறு பூசிவிட்டுக் கறக்கக் குந்தினேன். விட்டது ஒரு உதை. செம்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முகாமே சிரித்தது.

காத்தான்குடியிலிருந்து உடுப்பு மூட்டையோடு வந்த புடவைக் கடைக்காரர்தான் அதை அடையாளம் கண்டார்.

"இது எங்கட பள்ளிவாசல்ல பாங்கு சொல்ற மோதினார்ர பசு, தம்பி. அவர் பைத்துப் படிச்சுத்தான் கறப்பார். மனிசன் அலையோட போய் மௌத்தாகிட்டாரெண்டுதான் நினைக்கிறம்."

பாட்டுத்தானே என்று தேவாரம் பாடினேன். உதை. கடைக்காரர் தன் வேனில் பைத்துக் கசெட்டைப் போட்டார். அதற்கும் உதை. மகாராணிக்கு மனிதத் தொண்டைதான் வேண்டுமாம். வெட்கத்தை விட்டு, அவர் சொல்லித் தந்த நாலு வரியை என் கரகரத்த குரலில் இழுத்தேன். மேளமில்லை, வாத்தியமில்லை. ஒரே வரி திரும்பத் திரும்ப வரும், மூச்சும் கூடவே நீளும். அலைக்குப் பிறகு நடுங்கிக்கொண்டேயிருந்த என் கை நாலாவது சுற்றில் நிதானப்பட்டது. பால் இறங்கியது. பசுவுக்குப் பாட்டுப் பிடித்ததா, நடுங்காத கை பிடித்ததா, தெரியாது. எனக்குப் பிடித்துப்போனது.

ஒரு கிழமை கழித்துத்தான் அர்த்தம் கேட்டேன்.

"நபிக்குச் சலாம் சொல்றது" என்றார் கடைக்காரர்.

எனக்குப் பகீரென்றது. சாரத்தை மடித்துக் கட்டி, மாட்டு மடிக்குக் கீழே குந்தியிருந்துகொண்டா இத்தனை நாளும் சலாம் சொன்னேன்?

"குற்றமில்லையா காக்கா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டேன்.

"ஆர் சொன்னாலும் போய்ச் சேரும். நிப்பாட்டாதீங்க, புள்ள குடிக்கட்டும்."

பதினைந்தாம் நாள் மோதினார் உயிரோடு வந்து நின்றார். காலில் பிளாஸ்டர், கையில் கயிறு. இத்தனை நாளும் தூரத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாராம். மனைவியை அலை கொண்டுபோயிருந்தது. என் மனைவி பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். அவருடைய பசு, நாங்கள் என்ன சொல்வது?

கொண்டுபோகுமுன் கறந்துவிடலாமென்று ஒரு பெட்டியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. சொந்தப் பசு அவரையும் உதைத்தது. இந்த முறை முகாமில் யாரும் சிரிக்கவில்லை.

"அவ போனதிலிருந்து படிக்க வருதில்ல தம்பி" என்றார்.

நான் பக்கத்தில் குந்திப் படித்தேன். அவர் கறந்தார். செம்பு பாதி நிறைந்தபோது அவருடைய குரலும் மெல்ல வந்து சேர்ந்தது. அழுதுகொண்டே படித்தார். முடிந்ததும் செம்பை என் மனைவியிடம் நீட்டினார். வெறுங்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினார்.

"நாளைக்கும் வாறன். நீங்கதான் தொடங்கித் தரணும்."